லாரி கழுவுவது: நாமே செய்வதா, வாட்டர் சர்வீசுக்கு விடுவதா?

பத்துச்சக்கரம்:
சொந்த லாரி, நானே ஓட்டுகிறேன். பதினொரு வருடமாக நானேதான் கழுவுகிறேன். சர்வீசுக்கு விட்டுவிட்டு அந்த நேரம் தூங்கு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. துடைக்கும்போதுதான் வண்டியை முழுதாகப் பார்க்கிறேன். போன மாதம் பின்சக்கரத்தில் கை விட்டுத் தேய்த்தபோது உள் டயரின் பக்கவாட்டில் ஒரு எண்ணெய்க் கோடு தெரிந்தது. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் எண்ணெயை அடைத்து வைக்கும் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிரேக் லைனிங் நனைந்திருக்கும். காசுக்குக் கழுவுகிறவர் இதைக் கவனித்துச் சொல்வாரா?

எட்டுவண்டி:
அண்ணே, ஒரு வண்டிக்கு அது சரி. நான் எட்டு வண்டி பார்க்கிறேன். வீட்டுக் குழாயும் பிரஷ்ஷும் இருந்தால் கேபினும் பாடியும் பளிச்சென்று ஆகும், ஒத்துக்கொள்கிறேன். சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, அடியில் என்ன செய்வீர்கள்? துருவைக் கொண்டுவருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்புதான். கடலோரச் சாலை, பனி உறையும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பு, உர மூட்டை, மீன் லோடு, இவை எல்லாமே சட்டத்தின் குறுக்குக் கட்டையான கிராஸ் மெம்பர் இணையும் இடுக்கில் போய் உட்காரும். வண்டியைத் தூக்கி நிறுத்தியோ குழியில் இறங்கியோ அடித்தால்தான் அது போகும். அப்புறம் கழுவிய தண்ணீர். அதில் டீசல், கிரீஸ், பிரேக் தூள் எல்லாம் இருக்கும். வாசலில் கழுவினால் அது சாக்கடை வழியாக நேரே குளத்துக்குப் போகும். ஒழுங்கான சர்வீஸ் நிலையத்தில் எண்ணெயைப் பிரிக்கத் தனித் தொட்டி இருக்கும்.

இரவோட்டம்:
நான் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்தவனிடம் வாளியைக் கொடுக்கும் ஓனர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூக்கம் போனால் அடுத்த ராத்திரிதான் அது தெரியும். எட்டுவண்டி சார் பக்கம்தான் நான்.

ஸ்பேனர்கை:
மெக்கானிக்காகச் சொல்கிறேன். என் பட்டறைக்கு வரும் வேலையில் ஒரு பங்கு வாட்டர் சர்வீசில் பிறந்ததுதான். பிரஷர் கன்னை ஹப்புக்கு ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டிப் போகும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும், பேரிங் நிலைக்காது. ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் ஈரம் இறங்கி இரண்டு நாள் கழித்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு எரியும். ரேடியேட்டர் மடிப்புகள் வளைந்தால் காற்றுப் போகாமல் இன்ஜின் சூடேறும். டயருக்கும் நாசிலுக்கும் குறைந்தது 30 செ.மீ. இடைவெளி வேண்டும். வரிசையில் வண்டிகள் நிற்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

எட்டுவண்டி:
அது கன்னைப் பிடித்தவரின் தவறு. அதற்காக முறையே தவறு என்று சொல்லக் கூடாது. என் வண்டிகள் கழுவி முடிந்ததும் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் எல்லாவற்றிலும் கிரீஸ் அடித்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வந்த பிறகுதான் நகரும்.

தானே கழுவுவதில் ஆபத்து இல்லையா? எங்கள் டிரைவர் ஒருவர் அலுமினிய டேங்க்கைப் பளபளப்பாக்க ஒரு ஆசிட்டை வாங்கி வெறும் கையால் தேய்த்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி விரல் நகத்துக்கடியில் தாங்க முடியாத வலி. அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருந்தது. அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்ட உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவர் மறுநாள்தான் போனார். இப்போதும் அந்த விரல் சரியாக மடங்குவதில்லை.

பத்துச்சக்கரம்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. நான் வண்டி ஷாம்பூவைத் தவிர எதையும் தொடுவதில்லை, வெயிலில் கழுவுவதும் இல்லை. சேஸிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, என் குழாய்க்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் எட்டு வண்டியும் கழுவி வந்ததும் யார் கீழே படுத்துப் பார்க்கிறார்கள்?

எட்டுவண்டி:
உண்மையைச் சொன்னால், தனியாக யாரும் இல்லை. டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஸ்பேனர்கை:
கழுவிய பிறகு பார்த்து என்ன பயன்? வீல் நட் தளர்ந்திருந்தால் அதன் அடியில் துரு கோடாக வழிந்திருக்கும். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருந்தால் அங்கேயும் துரு தெரியலாம். பிரஷர் கன் முதலில் அழிப்பது இந்தத் தடயங்களைத்தான். பத்துச்சக்கரம் அண்ணன் தப்பித்தது கை வைத்துத் தேய்த்ததால். எட்டு வண்டிக்காரர் கழுவ விடும் முன்பே டார்ச்சோடு ஒரு சுற்று வர வேண்டும். மறுநாள் ஓடி வந்த பிறகு இன்னொரு முறை. அப்போது புது ஈரம் தெரிந்தால் அது கசிவுதான். இன்னொன்று, பிரேக் டிரம் நனைந்திருக்கும். லோடு ஏற்றும் முன் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக்கை மிதித்துக் காயவையுங்கள்.

எட்டுவண்டி:
நாளை இரண்டு வண்டி சர்வீசுக்குப் போகிறது. முதலில் நானே டார்ச் எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். ஆனாலும் டிரைவர் கையில் வாளி கொடுக்க மாட்டேன்.

பத்துச்சக்கரம்:
அடிப்பக்கத்துக்கு மட்டும் மாதம் ஒருமுறை நானும் விட்டுப் பார்க்கிறேன். ஹப் பக்கம் கன்னைக் கொண்டுபோக வேண்டாம் என்று கூடவே நின்று சொல்வேன். சக்கரத்தைத் துடைக்கும் வேலையை மட்டும் யாரிடமும் தருவதாக இல்லை.