இடது சப்கிளேவியனை (இடக்கைக்குப் போகும் தமனியை) மூடிவிட்டுப் போகலாமா?

ரத்தநாள அறுவை, கேத்லேப் (குழாய்வழிச் சிகிச்சை), மயக்கவியல் மருத்துவர்கள் மூவரின் விவாதம்.

நாளச்சிகிச்சை:
இறங்கு பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உள்ளிருந்து தாங்கும் துணிக்குழாய்) வைத்தால், மேல்முனை பிடித்து நிற்க 2 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். சப்கிளேவியனுக்கு 1 செ.மீ. கீழேயே வீக்கம் தொடங்கினால் அதன் வாயை மூடித்தான் ஆகவேண்டும். அவசரமில்லாத கேஸில் முதலில் கரோட்டிட்-சப்கிளேவியன் பைபாஸ் (கழுத்துத் தமனியிலிருந்து சப்கிளேவியனுக்கு மாற்றுக்குழாய்), பிறகுதான் கிராஃப்ட். 2009 அமெரிக்க ரத்தநாள அறுவை சங்க வழிகாட்டுதலும் அப்படித்தான்.

கேத்லேப்:
எல்லோருக்குமா சார்? வலது வெர்டிப்ரல் (கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் தமனி) வழியே ரத்தம் சுற்றி வந்து கை பெரும்பாலும் தாங்கிவிடும். வலித்தால் அப்புறம் பைபாஸ் போடலாம். கழுத்தைத் திறந்தால் உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பும் நிணநீர் ஓடும் தொராசிக் நாளமும் கத்தி ஓரத்திலேயே இருக்கின்றன. உதரவிதானம் செயலிழக்கலாம், நிணநீர் கசியலாம்.

நாளச்சிகிச்சை:
கை என் கவலையே இல்லை. வலது வெர்டிப்ரல் பேசிலர் (மூளைத்தண்டின் தமனி) வரை போகாமல் சிறுமூளைக் கிளையிலேயே முடிந்தால், நீங்கள் மூடுவது மூளைத்தண்டின் ரத்தத்தை. சப்கிளேவியனில் பிரியும் இடது மார்புத் தமனியை இதய பைபாஸில் இதயத்துக்கு ஒட்டியிருந்தால் மாரடைப்பு. இடக்கையில் டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (தமனி-சிரை இணைப்பு) இருந்தால் அதுவும் போச்சு. கழுத்து சி.டி. ஆஞ்சியோ பார்க்காமல் "தாங்கும்" என்று சொல்லாதீர்கள்.

மயக்கவியல்:
தண்டுவடத்தை விட்டுவிட்டீர்கள். பெருந்தமனியை 20 செ.மீ.க்கு மேல் கிராஃப்டால் மூடினாலோ, வயிற்றுப் பெருந்தமனி ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தாலோ, முன் தண்டுவடத் தமனிக்கு மிஞ்சும் முக்கிய ஊட்டம் சப்கிளேவியன்-வெர்டிப்ரல் வழிதான். முதுகு டிரெயின் (தண்டுவட நீரை வடிக்கும் குழாய்) அதற்கு மாற்று ஆகாது. சராசரி ரத்த அழுத்தம் 90-க்கு மேல், தண்டுவட நீர் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் என்று வைத்தாலும், மணிக்கு 10-15 மி.லி.க்கு மேல் வடித்தால் மூளையுறைக்கு அடியில் ரத்தக்கசிவு வரும்.

கேத்லேப்:
அந்த நோயாளிகளுக்கு சப்கிளேவியனுக்கு ரத்தம் போகும் கிளை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கத்திதான் வழியா? மேல்கைத் தமனி வழியே ஷீத்தை (வழிக்குழாயை) கிராஃப்ட் துணிவரை கொண்டுபோய், லேசரால் துளைத்து, வயர் கடத்தி, பலூனால் விரித்து, உறையிட்ட ஸ்டென்ட் வைக்கலாம். கிளையோடே வரும் கோர் (Gore) நிறுவன கிராஃப்டுக்கு 2022-லேயே அமெரிக்க அனுமதி கிடைத்துவிட்டது.

நாளச்சிகிச்சை:
லேசர் துணியில் செங்குத்தாக முட்டினால்தான் துளை விழும். சப்கிளேவியன் சாய்ந்து பிரிந்தால் முனை வழுக்கும். டாக்ரான் (பாலியஸ்டர்) துணி பரவாயில்லை, பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) சரிவராது. வீக்கம் வெடித்து, பைபாஸுக்கு நேரமில்லாதபோது லேசருக்கு நான் எதிரி இல்லை. திட்டமிட்ட கேஸில் 8 மி.மீ. குழாய் பைபாஸ் பல வருடம் ஓடும் என்பது தெரிந்த விஷயம்.

கேத்லேப்:
பைபாஸ் போட்டால் சப்கிளேவியனின் வேரில் பிளக் (அடைப்பான்) வையுங்கள், வெர்டிப்ரல் பிரிவதற்கு முன்னால். இல்லையென்றால் ரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்துக்குள் கசியும்.

நாளச்சிகிச்சை:
சரி. இதய பைபாஸ் ஆனவருக்கு சப்கிளேவியனை வெட்டிக் கரோட்டிடில் நடுவதை மட்டும் தவிருங்கள். அதில் கிளாம்ப் மார்புத் தமனிக்கு முன்னால் விழும், தைத்து முடியும்வரை இதயத்துக்கு ரத்தம் போகாது. பைபாஸ் என்றால் கிளாம்பை அதைத் தாண்டிப் போடலாம்.