பீஸ்ரேட் கூலி ஆப்: கோடு எழுதாம மவுஸால இழுத்துப் போட்டுச் செய்யறதா, புரோகிராம் கோடு எழுதறதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பவர்டேபிள், திருப்பூர்:
பவர் ஆப்ஸ் (மைக்ரோசாஃப்டோட ஆப் செய்யற கருவி), ஷேர்பாயின்ட் லிஸ்ட் (டேட்டா சேர்த்து வைக்கற ஆன்லைன் பட்டியல்) வெச்சுச் செய்யறவங்க முதல்ல இதைப் பாருங்க. 40 டெய்லர், ஆளுக்கு நாளைக்கு 4 என்ட்ரி, 6 நாள்னா வாரத்துக்கு 960 வரி. மொத்தம் கூட்டற 'சம்' ஃபார்முலா ஷேர்பாயின்ட் பக்கம் ஓடாதுங்க. வரிகளை ஆப்புக்குள்ள இழுத்துத்தான் கூட்டும். இழுக்கற அளவு 500 வரி. செட்டிங்ஸ்ல ஏத்தினாலும் 2,000 தான். மிச்ச வரியைச் சத்தமில்லாம விட்டுடும். ஒரு டெய்லரோட வாரக் கணக்கு 24 வரிங்கறதால சனிக்கிழமை பட்டுவாடாச் சீட்டு சரியா வரும், யூனிட் மொத்தம் மட்டும் பாதிக்குப் பக்கமா குறையும். சீட்டு சரியா இருக்கும்போது மொத்தத்தை யாருங்க சந்தேகப்படுவாங்க?

சோதிக்க, அந்த அளவை 1ன்னு வெச்சு ஓட்டுங்க. எந்த மொத்தம் ஒரே வரியோட நிக்குதோ அதுதான் ஓட்டை. எஸ்.க்யூ.எல். சர்வர்ங்கற டேட்டாபேஸுக்கு மாத்தினா கூட்டல் அங்கயே நடக்கும். ஆனா ஆப்பை அதோட இணைக்கற கனெக்டருக்கு பிரீமியம் லைசென்ஸ் வேணும்.

மஞ்சமண்டி, ஈரோடு:
ஆப்ஷீட்ல (கூகுள் ஷீட்டை வெச்சு ஆப் செய்யற கருவி) வரி எண்ணைக் கீயா, அதாவது ஒவ்வொரு வரியோட அடையாளமா, விடாதீங்க. ஷீட்ல நடுவுல ஒரு வரியை அழிச்சா கீழ இருக்கற எண்ணெல்லாம் மாறிடும், ஒருத்தர் திருத்தம் இன்னொருத்தர் கணக்குல ஏறிடும். தனி காலம் வெச்சு, இனிஷியல் வேல்யூவுல யூனிக்ஐடி (வரிக்கு வரி தனி அடையாளம் தர்ற ஃபார்முலா) போடுங்க.

கணபதி பட்டறை, கோவை:
சாயப்பட்டறை பி.எல்.சி.யிலும் (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) இதே கதைதாங்க. 300 கிலோ துணி, 1:8 தண்ணின்னா 2,400 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் உப்புன்னா 1,20,000 கிராம். லேடர்ல (ஏணி மாதிரி படம் வரைஞ்சு எழுதற பி.எல்.சி. மொழி) 16 பிட் பெருக்கல் போட்டா, பல மாடல்ல விடை ரெண்டு ரெஜிஸ்டர்ல (எண் வைக்கற இடம்) உக்காரும். அடுத்த ரங்குல (ஏணிப் படி) கீழ் ரெஜிஸ்டரை மட்டும் படிச்சா திரையில மைனஸ் 11,072 நிக்கும்! லேடர் படத்தைப் பார்த்தா இணைப்பெல்லாம் சரியாத்தான் இருக்கும்.

அதுக்காக லேடரைத் தூக்கிப் போடச் சொல்லலை. மூடி சுவிட்ச், லெவல் சுவிட்ச், மோட்டார் ஓவர்லோடு எல்லாம் லேடர்லயே இருக்கட்டும். ராத்திரி ஷிப்ட் எலக்ட்ரீஷியன் படத்துல எந்த கான்டாக்ட் (சுவிட்ச் குறி) மெஷினை ஓட விடாம தடுக்குதுன்னு ஆன்லைன்ல பார்த்தே புடிச்சிடுவார். உப்பு, சாயம் அளந்து போடற டோசிங் கணக்கை மட்டும் ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்ல (கோடா எழுதற பி.எல்.சி. மொழி), 32 பிட் எண்ணா எழுதுங்க. பி.எல்.சி. மொழிகளுக்கான தரநிலையான ஐ.இ.சி. 61131-3ல வர்ற மொழிகளை ஒரே புராஜெக்ட்ல கலக்கலாம். எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் புரோகிராமை நம்பி இருக்கக்கூடாது, வயரிலேயே கரண்டை அறுக்கணும்.

ஜவுளிக்கணக்கு, கரூர்:
கோடு எழுதினா மட்டும் தப்பிச்சிடலாம்னு இல்லீங்க. 12.5ஐ எக்செல் ரவுண்ட் 13 ஆக்கும், பைத்தான் ரவுண்ட் 12 ஆக்கும். காண்ட்ராக்டரோட எக்செலும் உங்க சீட்டும் ஒரு ரூபாய் இடிச்சா இதைப் பாருங்க. ரேட்டைப் பைசாவுல முழு எண்ணா வைங்க: ரூ.2.35ன்னா 235. ரவுண்டிங் கடைசி மொத்தத்துல ஒருக்கா மட்டும்.

இன்னொண்ணு, ரெண்டு வழிக்கும் பொது. ரேட் மாஸ்டரை (பீஸ் ரேட் பட்டியல்) நடுவாரம் திருத்தினா திங்கட்கிழமைக் கூலியும் சேர்ந்து மாறும். என்ட்ரி போடறப்பவே அன்னைய ரேட்டை அந்த வரியில காப்பி பண்ணிடுங்க.

பவர்டேபிள், திருப்பூர்:
ஆமாங்க. பீஸ் எண்ணிக்கை, ரேட், தொகை மூணையும் வரியில வைங்க. டெய்லர் வந்து கேட்டா அந்த ஒரு வரியைக் காட்டினாப் போதும்.