குளத்து அடிச்சேறும் பொசுபரசும்: வாய்க்காலை அடைத்தால் போதுமா?

குளக்கட்டு எழுதியது:
யாழ்ப்பாண நகரத்துக் குளங்களுக்குள் விழும் கழிவு வாய்க்கால்களை அடைத்துவிட்டால், ஓரிரு மாரிக்குள் நீர் தெளிந்துவிடும் என்பதே என் நிலைப்பாடு. பாசியைப் பெருக்கும் பொசுபரசு சவர்க்கார நீரோடும் மலசலக் கழிவோடும் வெளியிலிருந்தே வருகிறது. அடிச்சேற்றிலிருந்து அது கசிவதற்கு ஒட்சிசன் இல்லாத அடிநீர் வேண்டும் என்று ஏரி ஆய்வாளர் மோர்ட்டிமர் 1941, 1942ஆம் ஆண்டுகளின் கட்டுரைகளில் காட்டியிருக்கிறார். நமது குளங்கள் பெரும்பாலும் ஆளுயரம்கூட இல்லாதவை. சோளகக் காற்று கலக்கிக்கொண்டேயிருக்கும் நீரில் ஒட்சிசன் எங்ஙனம் அற்றுப்போகும்?

வண்டல்மண் எழுதியது:
ஐயா, வாய்க்கால்களை அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை; அதுவே போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். மோர்ட்டிமர் ஆராய்ந்தது இங்கிலாந்தின் ஆழமான ஏரிகளை. அங்கு கோடையில் நீர் அடுக்கடுக்காகப் பிரிவதால் அடிநீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது; சேற்றில் பொசுபேற்றை, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்த பொசுபரசை, பிடித்துவைத்திருக்கும் இரும்பு ஐதரொட்சைட்டை நுண்ணங்கிகள் கரையக்கூடிய இரும்பாகத் தாழ்த்த, இரும்பும் பொசுபேற்றும் சேர்ந்தே கரைந்து மேலே வருகின்றன. ஆழமற்ற குளத்தில் இதே வேலை சேற்றுக்குள் சில மில்லிமீற்றர் ஆழத்தில் நடக்கிறது. கரையோரச் சேற்றை ஒரு தடியால் கீறிப் பாருங்கள். மேலே துருநிறத்தில் மெல்லிய படலம் இருக்கும். அதன் கீழே கூழ்முட்டை நாற்றத்தோடு கரிய சேறு கிடக்கும். அந்தப் படலமே பொசுபரசுக்குக் காவல். காற்றடங்கிய வெப்பமான இரவொன்றில், சேற்றின் சுவாசம் ஒட்சிசனைத் தீர்த்துவிட்டால், அந்தக் காவல் போய்விடும்.

நீங்கள் கவனியாத இன்னொரு வழி நண்பகலில் திறக்கிறது. பாசி அடர்ந்த நீரில் ஒளித்தொகுப்பு காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நீரின் காரத்தைக் காட்டும் பீ.எச். பெறுமானம் 9ஐத் தாண்டி 10ஐயும் எட்டக்கூடும். அப்போது ஐதரொட்சைட்டு அயன்கள் பொசுபேற்றை இரும்பின் மேற்பரப்பிலிருந்து தள்ளி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நீர் நிறைய ஒட்சிசன் இருக்கும்போதே இது நடக்கும். நீங்கள் துணைக்கு அழைக்கும் சோளகமும் சேற்றைக் கிளப்பி, அந்தக் கார நீருக்குள்ளேயே கலக்கிவிடுகிறது. டென்மார்க்கின் சோபிகார்ட் ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீற்றர். அங்கு வெளியிலிருந்து வரும் பொசுபரசை 1982இல் பெரிதும் குறைத்த பின்னும் பத்தாண்டுக்கு மேலாகச் சேறு பொசுபரசை விட்டுக்கொண்டேயிருந்தது.

குளக்கட்டு எழுதியது:
டென்மார்க்கை விட்டு நம் நிலத்துக்கு வாருங்கள். நமது தரை சுண்ணாம்புக்கல். இங்கே பொசுபேற்று இரும்பைவிடக் கல்சியத்தோடுதான் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கல்சியம் பொசுபேற்று கார நீரில் கரைவதில்லை. மாறாக, அங்குதான் படிகிறது. ஆகவே உங்கள் நண்பகல் வழி இங்கு அடைபட்டுவிடுகிறது.

வண்டல்மண் எழுதியது:
வலுவான வாதம், கல்சியத்தோடு பிணைந்த பங்கைப் பொறுத்தவரை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நமது செம்மண்ணின் நிறமே இரும்பு ஒட்சைட்டால் வருவது. அந்த மண் மாரி வெள்ளத்தோடு குளத்துக்குள் இறங்குகிறது. கழிவோடு வரும், உயிர்ப்பொருள்களில் அடங்கிய சேதனப் பொசுபரசு உக்கும்போது நேராகவே பொசுபேற்றாக வெளிவரும். உக்கலில் பிறக்கும் காபனீரொட்சைட்டு சேற்றிடை நீரை அமிலமாக்கிக் கல்சியப் பிணைப்பையும் ஓரளவு தளர்த்தும். 30 பாகையை அண்டிய நீரில் இந்த உக்கல் விரைவாகவே நடக்கும். உவர்நீர் ஏறும் இடங்களில் சல்பேற்று சல்பைட்டாகி இரும்பைக் கைப்பற்றிவிடுவதால், பொசுபேற்றைப் பிடிக்க இரும்பே மிஞ்சாமலும் போகலாம். நான் முன்பு சொன்ன சேற்றின் கரிய நிறம் பெரும்பாலும் இரும்புச் சல்பைட்டினுடையது.

வயல்வெளி எழுதியது:
இருவரும் கோடையை மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊர்க் குளங்கள் ஆவணிக்குள் வற்றி வெடித்துவிடும். வற்றிய குளத்து மண்ணை வண்டிகளில் ஏற்றித் தோட்டங்களுக்குப் பரப்புவது நெடுங்கால வழக்கம். பொசுபரசு குளத்திலிருந்து வெளியேறும் நேர்வழிகளில் அதுவும் ஒன்று. இப்போது அந்த வழக்கம் அருகிவிட்டதை எண்ண வேதனையாக இருக்கிறது.

வண்டல்மண் எழுதியது:
மண்ணை அள்ளினால் மிக நன்று. அள்ளாமல் வெறுமனே காயவிட்டால், இறந்த நுண்ணங்கிகளின் பொசுபரசு முதல் மழையிலேயே நீருக்கு வந்துவிடும்.

குளக்கட்டு எழுதியது:
நகரக் குளத்துச் சேற்றில் பார உலோகங்களும் இருக்கக்கூடும். சோதிக்காமல் அதைத் தோட்டத்தில் கொட்டுவதை நான் எதிர்ப்பேன். சுவீடனின் ட்ரம்மன் ஏரியில் 1970, 1971இல் சேற்றை அள்ளியபோது பயன் கிடைத்ததை அறிவேன். ஆயினும் அங்கும் கழிவுநீரை முதலில் நிறுத்திய பிறகே அள்ளினார்கள். என் வரிசையும் அதுவே.

வண்டல்மண் எழுதியது:
வரிசையில் நாம் வேறுபடவில்லை. இடையில் எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதிலேதான் வேறுபடுகிறோம். அதைச் சேறே சொல்லும். குழாய் இறக்கி அடிச்சேற்று அடையலை எடுத்து, இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, இரும்பையும் பொசுபரசையும் அளக்க வேண்டும். டென்மார்க்கின் ஆழமற்ற ஏரிகளைப் பற்றி 1992இல் வெளியான ஆய்வு, மேலடையலில் இரும்பின் நிறை பொசுபரசைப்போல் 15 மடங்குக்கு மேலிருந்து, மேற்பரப்பும் ஒட்சிசன் பெற்றிருந்தால் கசிவைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அந்த அளவைச் சுண்ணாம்பு நிலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. எனவே கல்சியத்தோடு பிணைந்த பங்கைத் தனியே பிரித்தெடுத்து அளந்தாக வேண்டும். அது சேற்றில் பெரும்பங்கு என்று தெரிந்தால், இரண்டு மாரி காத்திருக்க நான் உடன்படுவேன்.

குளக்கட்டு எழுதியது:
இரும்போடு பிணைந்த பங்கே கூடுதல் என்று வந்தால், வாய்க்காலை அடைத்த அதே ஆண்டின் கோடையிலேயே சேற்றை அள்ளுவதற்கு நானும் உடன்படுகிறேன். மாதிரியை வாய்க்கால் வாயில், நடுக்குளத்தில், காற்று ஒதுக்கும் கரையில் என மூன்று இடங்களிலாவது எடுங்கள். ஓரிடத்துச் சேற்றை வைத்து முழுக் குளத்துக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது.