பெபிள் கடிகாரத்தின் திரை: நல்ல தேர்வா, வெறும் சமாளிப்பா?

மாறன்:
2012-இல் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1 கோடி டாலருக்கு மேல் திரட்டி, 2013 ஜனவரியில் பணம் கட்டியவர்களின் கைக்கு வரத் தொடங்கிய பெபிள் ஸ்மார்ட் கைக்கடிகாரத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள், அதன் திரை எவ்வளவு சாதாரணமானது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1.26 அங்குலம், 144-க்கு 168 பிக்சல், கருப்பு வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. அதே 2013-இல் வந்த சாம்சங் கேலக்ஸி கியரில் 320-க்கு 320 பிக்சல் கொண்ட, தானே ஒளிரும் அமோலெட் வண்ணத் திரை இருந்தது. போதாக்குறைக்கு, இ-பேப்பர், அதாவது காகிதம் போன்ற திரை, என்று விளம்பரம் செய்து அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலை நினைக்கவைத்துவிட்டு, உள்ளே ஷார்ப் நிறுவனத்தின் எல்சிடியைத்தான் வைத்திருந்தார்கள்.

கயல்விழி:
கிண்டிலின் திரையையே வைத்திருந்தால் அந்தக் கடிகாரம் யாருக்கும் பயன்பட்டிருக்காது. கிண்டிலில் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் மேலும் கீழும் இடம்பெயர்ந்துதான் எழுத்து உருவாகிறது. அதற்கு நேரம் பிடிக்கும், பழைய எழுத்தின் நிழலும் சற்றே தங்கும். நொடி முள் ஓடவும், வந்த செய்தியைப் பொத்தானை அழுத்தி நகர்த்திப் படிக்கவும் அது ஒத்துவராது. ஷார்ப்பின் மெமரி எல்சிடியில் ஒவ்வொரு பிக்சலுக்குப் பின்னாலும் ஒரு பிட் நினைவகம் இருக்கிறது. கருப்பா வெள்ளையா என்பதைப் பிக்சலே நினைவில் வைத்துக்கொள்வதால், மாறிய வரிகளை மட்டும் எழுதினால் போதும். வெளியிலிருந்து விழும் ஒளியையே திருப்பி அனுப்புவதால், உச்சி வெயிலில்தான் அது மிகத் தெளிவாகத் தெரியும். 130 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரியில் பெபிள் ஒரு வாரம்வரை ஓடியது. 315 எம்ஏஎச் கொண்ட கியர் ஒரு நாளைத் தள்ளுவதற்கே திணறியது.

மாறன்:
அந்த ஒப்பீடு நியாயமானதல்ல. கியரில் கேமராவும், ஆண்ட்ராய்டும், அதை இயக்க 800 மெகாஹெர்ட்ஸ் செயலியும் இருந்தன. பெபிளில் இருந்ததோ கார்டெக்ஸ்-எம்3 என்ற ஒரு சிறிய செயலி. மிச்சமான மின்சாரத்தை எல்லாம் திரையின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? இருட்டில் மணி பார்க்க மணிக்கட்டை உதறிப் பின்னொளியை எழுப்ப வேண்டும் என்பதையும், போலராய்டு கண்ணாடி அணிந்தவர் ஒரு கோணத்தில் பார்த்தால் திரையே இருண்டுபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்குட்டுவன்:
வண்ணமும் வேண்டும், எப்போதும் தெரியவும் வேண்டும் என்று 2013-இல் முயன்றது குவால்காமின் டாக் கடிகாரம். அதன் மிராசால் திரை, நுண்ணிய இடைவெளிகளில் ஒளி குறுக்கிடுவதைக் கொண்டே நிறங்களை உண்டாக்கியது. நிறங்கள் வெளுத்துத் தெரிந்தன, கடிகாரமும் பருமனாக இருந்தது. ஆனாலும் இந்த விவாதத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கயல்விழி:
மாறன் அவர்களே, அந்தச் சிறிய செயலி போதுமானதாக இருந்ததற்கே திரைதான் காரணம். படத்தைத் திரை தானே பிடித்துவைத்திருப்பதால், அடுத்த நிமிடம் பிறக்கும்வரை செயலி உறங்கலாம். 2015-இல் வந்த ஆப்பிள் வாட்ச், கையைத் தூக்கும்வரை திரையை அணைத்தே வைத்திருந்தது. 2019-இன் ஐந்தாம் வரிசையில்தான், நொடிக்கு ஒருமுறை மட்டும் படத்தைப் புதுப்பிக்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, எப்போதும் மணி காட்டும் திரையைக் கொடுத்தார்கள். பெபிளில் முதல் நாளிலிருந்தே இருந்த வசதி அது. ஓட்டக்காரர்களுக்கான கார்மின் கடிகாரங்கள் பல ஆண்டுகளாக இதே வகைத் திரையை நம்பியிருந்ததும் வெயிலில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

மாறன்:
ஓட்டக்காரர்கள் ஒரு சிறு கூட்டம். 2015-இல் பெபிள் டைம் 64 நிறங்களோடு வந்தும் அறை வெளிச்சத்தில் மங்கலாகவே தெரிந்தது. 2016 டிசம்பரில் நிறுவனத்தின் மென்பொருள் சொத்துகள் உடற்பயிற்சிக் கைப்பட்டை செய்யும் ஃபிட்பிட்டிடம் போய்ச் சேர்ந்தன. கடையில் பெபிளையும் அமோலெட் திரைக் கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்தால் கை எதை எடுக்கும்?

கயல்விழி:
பெபிளை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி 2025-இல் கொண்டுவந்த பெபிள் 2 டுவோவிலும் அதே 1.26 அங்குல, 144-க்கு 168 பிக்சல் கருப்பு வெள்ளைத் திரைதான் இருக்கிறது. பேட்டரி 30 நாள் வரும் என்கிறார்கள்.

மாறன்:
திரை மாறாமலேயே 7 நாள் 30 நாளாகிறது என்றால், மிச்சம் பிடித்தது புதிய புளூடூத் சில்லு. நான் சொல்லிவந்ததும் அதைத்தான்.

கயல்விழி:
திரையைத் தொடாமல் நான்கு மடங்கு மிச்சம் பிடிக்க முடிந்தது என்றால், அந்தத் திரை முன்பும் எவ்வளவு குறைவாகச் செலவழித்திருக்க வேண்டும் என்பதையும் அதே கணக்கில் பாருங்கள்.