புதுப்பிப்பு: இட்லி மாவு மிஞ்சிய பிரச்சினை தீர்ந்தது

கடையில் தினமும் மாவு மிஞ்சிப் புளிக்கிறது, விற்பனையைக் கூட்ட வழி உண்டா என்று சித்திரையில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் விலையைக் குறைத்தேன். கூட்டம் கூடவில்லை, லாபம்தான் போனது. கைகொடுத்தது, 'எந்த மணிக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்' என்று ஒருவர் சொன்னதுதான். நோட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் மாலை 6 முதல் 8 மணிக்குள் போகிறது. நானோ விடிகாலையிலேயே மொத்தத்தையும் அரைத்துவிடுகிறேன்! இப்போது மதியம் இன்னொரு ஈடு. மறுநாள் இட்லிக்கு வாங்குபவர்களுக்கு அந்தப் புது மாவுதான் வேண்டும்.

எதிர்பாராத விஷயம்: காலை மாவில் மிஞ்சியதைத் தனியே 'தோசை மாவு' என்று எழுதி வைத்தேன். அன்று இரவே சுடுகிறவர்கள் லேசான புளிப்பைத்தான் தேடி வருகிறார்கள். கரண்ட் பில் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.