டார்க்: ஜாப் 'கியூ' நிலையிலேயே நிற்கிறது, அவசரம்

ராத்திரிப்பூனை (இரவு 11:40)
வணக்கம். துறை கிளஸ்டரில் (ஒன்றாக இணைத்த கணினிகள்) டார்க் (TORQUE, ஜாப்களை வரிசையிட்டு ஓட்டும் மென்பொருள்) போட்டு முடித்துவிட்டேன். சோதனைக்கு 'ஸ்லீப் 30' என்பதை எக்கோ வழியாக, ஜாப் போடும் கட்டளையான கியூசப்புக்குக் கொடுத்தால் ஜாப் எண் தருகிறது. ஜாப் நிலையைக் காட்டும் கியூஸ்டாட்டில் பெயர் எஸ்டிடிஇன், நேரம் 0, நிலை கியூ, அதாவது காத்திருக்கிறது. அரை மணியாக அதே கோலம். 'கியூஸ்டாட் -கியூ' போட்டால் கடைசியில் 'ஈ ஆர்' என்று வேறு வருகிறது. எரர்தானே? காலையில் சார் வந்து பார்ப்பார்.

சுண்டல்
எத்தனை நோடு (ஜாப் ஓடும் கணினி)? எந்த லினக்ஸ்? நோடு நிலையைக் காட்டும் 'பிபிஎஸ்நோட்ஸ் -ஏ' என்ன சொல்கிறது? ஜாப்பை ரூட்டாகவா போட்டீர்கள்?

கொத்தவால்
சந்தேகமே வேண்டாம், ஃபயர்வால். சர்வருக்குப் போர்ட் 15001, மாமுக்கு (நோடில் ஜாப்பை ஓட்டும் நிரல்) 15002, 15003. திறந்து விடுங்கள்.

பெரியவர்77
'ஈ ஆர்' எரர் இல்லை தம்பி. ஈ என்றால் எனேபிள்டு, ஆர் என்றால் ரன்னிங். உங்கள் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. கையேட்டில் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை. அது போகட்டும், இன்னுமா டார்க்? 2018-லேயே மூலநிரலை மூடிவிட்டார்கள். இதே வேலையைச் செய்யும் ஸ்லர்முக்கு மாறுங்கள்.

வடைமாலை
கதவு திறக்கவில்லை என்று வந்தவரிடம் வேறு வீடு பார்க்கச் சொல்கிறீர்களே ஐயா.

ராத்திரிப்பூனை
மாஸ்டர் 1, நோடு 3. மூன்றும் 'ஃப்ரீ'. ரூட்டாகப் போட்டபோது 'பேட் யூஐடி' என்று திட்டியது, அப்புறம் என் கணக்கில்தான் போடுகிறேன். ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாயிற்று.

கொத்தவால்
மூன்று நோடிலுமா, மாஸ்டரில் மட்டுமா?

தயிர்சாதம்
உபுண்டுவா? அப்படியானால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மாஸ்டர் பெயருக்கு எதிரே 127.0.1.1 (தன்னையே குறிக்கும் முகவரி) இருக்கும். எனக்கு இரண்டு நாள் போனது அதில்தான்.

சுண்டல்
நோடு எல்லாம் 'ஃப்ரீ' என்றால் மாமும் சர்வரும் பேசிக்கொள்கின்றன. ஃபயர்வாலும் ஹோஸ்ட்ஸும் அப்புறம். ரூட்டாகப் போய் 'கியூரன்' போட்டு அந்த ஜாப் எண்ணைக் கொடுங்கள். அது ஷெட்யூலரைக் கேட்காமல் நேராக ஓட்டும். ஓடிவிட்டால் பழுது ஷெட்யூலர் பக்கம். ஜாப்பை வாங்கி வரிசையில் வைப்பதுதான் சர்வர் வேலை. எது எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது 'பிபிஎஸ்_ஷெட்', அது தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்). ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் போட்டு அது இருக்கிறதா பாருங்கள். சர்வர் அமைப்புகளைக் காட்டும் கியூமேனேஜரில் 'ஷெட்யூலிங்' ட்ரூவா என்பதையும்.

பெரியவர்77
ஸ்லர்மில் இந்தத் தொல்லையே கிடையாது. அதன் மைய டீமனான ஸ்லர்ம்சிடிஎல்டிக்குள்ளேயே ஷெட்யூலர் இருக்கிறது.

வடைமாலை
ஆமாம், அங்கே நோடுகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் மஞ்ச் சாவி ஒரு நோடில் மாறியிருந்தாலோ கடிகாரம் விலகியிருந்தாலோ ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான். தொல்லைக்கா பஞ்சம்?

பெரியவர்77
கடிகாரத்தைச் சரியாக வைக்கத் தெரியாதவருக்குக் கிளஸ்டர் எதற்கு?

தயிர்சாதம்
இரண்டு பேரும் தனி இழை போடுங்களேன்.

ராத்திரிப்பூனை (அதிகாலை 1:15)
கியூரன் போட்டதும் 4-ம் எண் ஜாப் ஓடியது! 'பிபிஎஸ்_ஷெட்' கிளம்பவே இல்லை, சர்வரோடு தானே வரும் என்று நினைத்துவிட்டேன். கிளப்பியதும் காத்திருந்த 5, 6 இரண்டும் முடிந்தன. சுண்டல் அண்ணாவுக்கு நன்றி. ஆனால் 4-ன் வெளியீடு வர வேண்டிய எஸ்டிடிஇன்.ஓ4 கோப்பைக் காணோம்?

சுண்டல்
ஸ்லீப் எதையும் அச்சிடாது, ஆனாலும் காலிக் கோப்பாவது வந்திருக்க வேண்டும். நோடிலிருந்து மாஸ்டருக்கு எஸ்சிபி (கோப்பை நகலெடுத்து அனுப்பும் கட்டளை) கடவுச்சொல் கேட்காமல் போகிறதா? கேட்டால், அந்த நோடிலேயே டார்க் ஸ்பூலில் 'அன்டெலிவர்டு' அடைவில் கிடக்கும். ஹோம் அடைவு என்எஃப்எஸ் (எல்லாக் கணினியும் பகிர்ந்துகொள்வது) என்றால் மாம் கான்ஃபிக்கில் 'யூஸ்சிபி' வரி சேர்த்தால் போதும். கணினி தொடங்கும்போதே ஷெட்யூலரும் தானே கிளம்பும்படி சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் மின்சாரம் போய் வந்ததும் இதே கதை.

கொத்தவால்
ஃபயர்வாலைத் திரும்பப் போட்டீர்களா?

சுண்டல் (காலை 9:50)
கோப்பு வந்ததா?

ராத்திரிப்பூனை
சார் வந்துவிட்டார். அப்புறம் சொல்கிறேன்.