துங்கநாத் காட்டுப்பாதை: அக்டோபரில் கரடி பயம் உண்டா? இங்கே எங்கே ஏறிப் பழகலாம்?

தெற்குவாசல்:
வணக்கம். ஆயுதபூஜை முடிந்ததும் நாங்கள் நாலு பேர் உத்தராகண்ட் கிளம்புகிறோம். சாரி கிராமம், தேவரியா தால் ஏரி, அங்கிருந்து காட்டுவழியாக சோப்தா, மறுநாள் மலைமேல் இருக்கும் துங்கநாத் சிவன் கோயில். அந்தக் காட்டில் கரடி நடமாட்டம் இருக்கிறது என்கிறார்கள். கூடாரத்தில் தங்கலாமா? குளிருக்கு எத்தனை பனியன்? மதுரைப் பக்கம் எந்த மலையில் பழகலாம்?

செல்லூர்:
கரடி உண்டு. நெஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இமயமலைக் கருங்கரடி. குளிர்காலத்துக்கு முன் கொழுப்பேற்ற அக்டோபர், நவம்பரில் ஓக் மரக் கொட்டைகளைத் தேடித் தேடித் தின்னும். நீங்கள் போகும் வழியில் ஓக் காடு நிறைய.

நன்றாக விடிந்தபின் நடங்கள், வெயில் தாழுமுன் சோப்தா சேர்ந்துவிடுங்கள். வளைவு வரும்போது பேசிக்கொண்டே போங்கள். நம் சத்தம் முன்னாலேயே கேட்டால் அது விலகிவிடும். திடீரென்று எதிரெதிரே நிற்பதுதான் ஆபத்து. பார்த்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். மரத்தில் ஏறிப் பயனில்லை, அது நம்மைவிட நன்றாக ஏறும். பாய்ந்தேவிட்டால் முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, பிடரியைக் கைகளால் பொத்துங்கள். அது முகத்தையும் தலையையும்தான் கிழிக்கும்.

கூடாரத்தில் தாராளமாகத் தங்கலாம், ஆனால் தின்பண்டம் எதுவும் உள்ளே கூடாது. பருப்புப்பொடி, நெய், முறுக்கு எல்லாம் இறுக மூடிய டப்பாவில் சமையல் கொட்டகைக்குப் போகட்டும். நெய்க்கை துடைத்த துண்டும் அதோடு.

அழகர்கோயில் ரோடு:
பனியன் எண்ணிக்கையை விடுங்கள், துணியைப் பாருங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஏறி முடித்து நின்றதும் அந்த ஈரம்தான் உடம்பை நடுங்க வைக்கும். உள்ளே பாலியஸ்டர் டீசர்ட், மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். நடக்கும்போது ஸ்வெட்டர் பைக்குள், நின்றவுடன் உடம்பில்.

பழக அழகர்மலை நூபுர கங்கை போதும். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக, வாரம் இரண்டு நாள், ஆறு வாரம். பையில் ஒரு லிட்டர் பாட்டில் ஆறு. மேலே போனதும் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலோடு இறங்குங்கள். பாரத்தோடு இறங்கினால்தான் முட்டி போகும். பாட்டில் பைக்குள்ளேயே இருக்கட்டும், கையில் கண்டால் குரங்கு பிடுங்கும். ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுத்துவிடும்.

தெற்குவாசல்:
ரொம்ப நன்றி அண்ணே. சாரியில் இறங்கிய அன்றே வண்டியில் சோப்தா போய், மறுநாள் துங்கநாத் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் மிச்சமாகுமே?

வைகைக்கரை:
மிச்சம் பிடிக்காதீர்கள். துங்கநாத் 3,680 மீட்டர். சோப்தாவிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். தேவரியா தாலில் ஓர் இரவு, சோப்தாவில் ஓர் இரவு தங்கினால்தான் உடம்பு பழகும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அங்கேயே நில்லுங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது தவறு.

செல்லூர் சொன்ன பேச்சுச் சத்தம் காட்டோடு நிற்கட்டும். சோப்தாவுக்கு மேலே புல்வெளி தொடங்கியதும் அமைதியாக நடங்கள். விடியும் நேரத்தில் மோனல் என்ற மலைக்கோழி அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்கு தேடும். சேவலின் பிடரி செம்புத் தகடு போல மின்னும், பறந்தால் முதுகில் வெள்ளைத் திட்டு தெரியும். செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்க வேண்டாம், மேய்ச்சல் கெடும்.

துங்கநாத்தில் குளிர்காலத்துக்கு நடை சாத்தும் நாளை விஜயதசமியன்று அறிவிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட்டை உறுதிசெய்யுங்கள்.